கப்பல் வராத நாளில் கம்ப்யூட்டர்



கொஞ்ச நாளாகவே உங்களில் பலர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. நல்லாத்தான் ஓடுது. ஆனா இனிமேல் இதற்கு அப்டேட் கிடையாதுன்னு திரையில் எழுதிக் காட்டுது. கடையில் கேட்டால் புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க. வாங்கித்தான் ஆகணுமா?"

விஷயம் இதுதான். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு இணைத்துப் பதிந்துகொள்பவர்களுக்கு மட்டும் அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடம் நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். சுமார் 2018-க்கு முன் வந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு இந்தத் தகுதி இல்லை.

கவனியுங்கள், உங்கள் மெஷின் பழுதாகவில்லை. ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டு வேலை செய்கிறது, பிள்ளையின் புராஜெக்ட் பிரிண்ட் ஆகிறது. "இதோடு போதும்" என்று எங்கோ ஒரு அலுவலகத்தில் முடிவு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சென்னையில் இருப்பவருக்கு இது ஒரு செலவு. அந்தமானில் இருக்கும் நமக்கு ஒரு செலவும் ஒரு தலைவலியும். புது மெஷின் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். அதற்கு ஒரு ஸ்பேர் வேண்டுமென்றால் அதுவும் அங்கிருந்துதான் வர வேண்டும். சரி, பழசை என்ன செய்வது? தீவில் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? சர்க்யூட் போர்டையும் பேட்டரியையும் மண்ணில் புதைத்துவிட்டு, அதே மண்ணில் ஊறும் தண்ணீரையா குடிப்பது?

ஆகவே இந்த மாதம் ஓபன் சோர்ஸ் பற்றிப் பேசிவிடலாம் என்று நினைத்தேன். "அய்யோ, கம்ப்யூட்டர் பாடமா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பாடம் நடத்தும் அளவுக்கு எனக்கும் தெரியாது.

ஜங்லிகாட் ஜெட்டியில் டிங்கி என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கைப் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் ஸ்பேனர் இருக்கிறது, என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அதே என்ஜினை மூடி சீல் வைத்து, "கம்பெனி ஆள் வந்துதான் திறக்கணும், நீ திறந்தால் குற்றம்" என்று விற்றால் நம் மீனவர்கள் வாங்குவார்களா? சாஃப்ட்வேரில் நாம் அப்படித்தான் வாங்கிப் பழகிவிட்டோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாத சாஃப்ட்வேர் தனியுரிமை வகை. யாரும் பார்க்கலாம், மாற்றலாம், படி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றால் அது ஓபன் சோர்ஸ்.

1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் இதை ஓர் இயக்கமாகவே தொடங்கினார். 1991-ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை எழுதி வெளியிட்டார். நமக்கு எதற்கு இதெல்லாம் என்கிறீர்களா? உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். கேட்காமலே நம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26 பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சாலிலும் கார் நிக்கோபாரிலும் சொந்தங்களைத் தேடிக்கொண்டிருந்த குடும்பங்கள் இன்றும் இந்தப் பத்திரிகையைப் படிக்கின்றன. "உயிரோடு இருக்கிறார்களா, இல்லையா" என்ற ஒரு வார்த்தைக்காக மெயின்லேண்டில் எத்தனை பேர் தூங்காமல் இருந்தார்கள்! போன் இல்லை, டவர் இல்லை.

அந்த மாதம் ஹாம் ரேடியோ ஆர்வலர் பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் நிலையம் அமைத்து, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்குப் பயணம். பூமி குலுங்கியதும் அதே நிலையத்தை அவசரத் தொடர்புக்குத் திருப்பினார்கள். தீவில் இருந்த பலரைப் பற்றிய செய்தி வெளியே போனது அந்த வழியில்தான். ஹாம் ரேடியோவுக்குத் தேர்வும் லைசென்ஸும் உண்டு. ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு கம்பெனியின் சர்வர் தேவையில்லை. கருவியைத் திறக்கத் தெரிந்தவர், பழுது பார்க்கத் தெரிந்தவர், ஒரு கம்பி கிடைத்தால் அதையே ஆன்டெனாவாகக் கட்டத் தெரிந்தவர்தான் அதை இயக்குகிறார்.

அதே நாட்களில் இலங்கையிலும் ஒன்று நடந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன நாடு. காணாமல் போனவர்களின் பட்டியல் ஒரு பக்கம், முகாம்களின் பட்டியல் ஒரு பக்கம், எந்த முகாமுக்கு அரிசி போனது, எந்த முகாமுக்கு மருந்து போகவில்லை என்ற குழப்பம் இன்னொரு பக்கம். கொழும்பில் இருந்த சாஃப்ட்வேர்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தன்னார்வலர்களாகக் கூடினார்கள். லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் துணையோடு 'சஹானா' என்ற நிவாரண நிர்வாகச் சாஃப்ட்வேரை அவசர அவசரமாக எழுதினார்கள். அதை ஓபன் சோர்ஸாகவே வெளியிட்டார்கள்.

பணம் கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் ஒன்றைக் கேட்டுவாங்கி, ஒப்பந்தம் போட்டு, நிறுவி முடிப்பதற்குள் எத்தனை வாரம் ஆகியிருக்கும்? அதைவிட முக்கியம் அதன் பிறகு நடந்ததுதான். 2005-ல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அதே சஹானாவை எடுத்துக்கொண்டார்கள். 2006-ல் பிலிப்பைன்ஸ் நிலச்சரிவு, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம், 2010-ல் ஹைதி என்று அது பயணம் செய்தது. இலங்கையில் எழுதியதை வேறு ஒரு நாடு எடுத்துத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. சமூகப் பயனுக்கான விருதை 2006-ல் ஸ்டால்மனின் அமைப்பு சஹானாவுக்குத்தான் கொடுத்தது.

பேரிடர் எப்போதோ வருவது, வீட்டுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சரி, பேரிடரே இல்லாத ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்.

குஜராத்தில் வாடிநார் என்ற இடத்தில் நயாரா எனர்ஜி என்ற பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு அதில் ஏறக்குறைய பாதிப் பங்கு. 2025 ஜூலை 18-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் அதன் மீது தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்துக்கான சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டி வாங்கிய இமெயில் திறக்கவில்லை. இந்தியாவில் இயங்கும் நிறுவனம், இந்தியச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பிறகு சேவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், அபர்டீன் பஜாரில் கடை வைத்திருக்கும் நம் அண்ணாச்சி எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

இதில் சரி எது, தப்பு எது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் நம் கணக்கும் கடிதமும் திறப்பது தூரத்தில் உள்ள ஒருவர் தலையசைப்பதைப் பொறுத்திருக்கிறது. தீவுக்காரர்களுக்கு அது புரியாமல் இருக்குமா? கப்பல் இன்று வரும், நாளை வராது என்ற கணக்கிலேயே அரிசியும் கேஸும் வாங்கி வைத்து வாழ்கிறவர்கள் நாம்.

இன்டர்நெட்டும் நமக்கு அப்படித்தான் வந்தது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வரும் வரை நாம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தோம். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய்ச் செலவு. இன்று ஹட் பேயிலும் கேம்பெல் பேயிலும் கூடப் பிள்ளைகள் வீடியோ பார்க்கிறார்கள் என்றால் அந்தக் கேபிள் புண்ணியம். ஆனால் அதற்கு முன் ஒரு அப்டேட் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மறந்துவிட்டோமா? இரவு போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். இப்போது வரும் சாஃப்ட்வேர்களில் பல, மாதம் ஒரு முறையாவது நெட்டில் போய்த் தன் முதலாளியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். லைன் போய்விட்டால்? சந்தா கட்டியிருந்தும் கதவு திறக்காது.

அந்த மெதுவான காலத்தில் உபுண்டு என்ற லினக்ஸை உருவாக்கியவர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2005 முதல் 2011 வரை அது நடந்தது. அப்படி ஒரு சிடி ஒரு தீவுக்கு வந்தால் போதும், தீவு முழுவதும் படி எடுக்கலாம். சட்டப்படியே எடுக்கலாம்!

நாம் சட்டப்படி இல்லாமலும் நிறையப் படி எடுத்தோம், அதையும் பேசிவிடுவோம். "ஐந்நூறு ரூபாய் கொடுங்க சார், விண்டோஸ், ஆஃபீஸ் எல்லாம் போட்டுத் தர்றேன்" என்ற சேவை எந்த ஊரில் இல்லை? அந்தப் பூட்டை உடைத்த ஆள் யார், உடைக்கும்போது உள்ளே வேறு என்ன வைத்துவிட்டுப் போனார் என்று யாருக்கும் தெரியாது. அந்த மெஷினில்தான் பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிறோம். பிள்ளையிடம் "பரீட்சையில் காப்பி அடிக்காதே" என்று சொல்லிவிட்டு அவன் பாடம் படிக்கும் மெஷினில் திருட்டு சாஃப்ட்வேர் போட்டு வைக்கிறோமே, கொஞ்சம் கூச்சமாக இல்லையா?

அதிலும் ஒரு வேடிக்கை. நம் பள்ளிகளில் நடப்பது சிபிஎஸ்இ பாடத்திட்டம். ஒன்பது, பத்தாம் வகுப்பில் ஐடி எடுத்த பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதில் சொல்லித் தருவது லிப்ரே ஆஃபீஸ். பதினொன்று, பன்னிரண்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும். எல்லாமே காசு கொடுக்காமல், யாரையும் ஏமாற்றாமல் கிடைப்பவை. பிள்ளைக்குத் தேவையானது இலவசமாக இருக்க, அப்பா திருட்டுக் காப்பிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறார்!

கேரளா இதில் நம்மைவிட ரொம்ப முன்னால் போய்விட்டது. அங்கே அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடுவது லினக்ஸ். கைட் என்ற அரசு நிறுவனம் அதைப் பள்ளிக்கு ஏற்றபடி தயாரித்துத் தருகிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. 2019-ல் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். எனக்கு அந்தக் கணக்கில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒன்றரை லட்ச ரூபாய்க்குச் சாஃப்ட்வேர் வாங்கியிருப்போம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. எந்தப் பள்ளி அப்படி வாங்கும்? ஆனால் ஆசிரியர்களைத் தயார் செய்துவிட்டுத்தான் மெஷினை மாற்றினார்கள் பாருங்கள், அது பெரிய விஷயம். தமிழ்நாட்டில் 2011-க்குப் பிறகு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில், சென்னை சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் பக்கம் எத்தனை பேர் போனார்கள்? சொல்லித் தர ஆள் இல்லாத இடத்தில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தால் அது அலமாரியில் வைத்த வெள்ளிப் பாத்திரம்தான்.

எங்கள் தொழிலையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேனே. தமிழ்ப் பத்திரிகைகள் பல வருடங்கள் பேஜ்மேக்கரில்தான் பக்கம் கட்டின. அடோபி நிறுவனம் அதன் கடைசிப் பதிப்பை 2001-ல் வெளியிட்டது, அதற்கு மேல் அதை வளர்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர்களில் அது இன்னும் உயிரோடு இருக்கும், போய்ப் பாருங்கள். அதில் தமிழை அடிக்க ஆளுக்கு ஒரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கு ஒரு குறியீட்டு முறை. ஒரு கடையில் அடித்த கட்டுரையை இன்னொரு கடையில் திறந்தால் பூச்சி ஊர்ந்தது போல் இருக்கும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்தான்.

ஊர்த் திருவிழா மலர், சங்கத்தின் வெள்ளிவிழா மலர், தாத்தா எழுதிய கவிதைத் தொகுப்பு என்று எத்தனையோ வீடுகளில் சிடிக்களில் இப்படித் திறக்க முடியாத தமிழ் கிடக்கிறது. அந்த பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்கும் வழியை 2015-ல் கொண்டுவந்தது எது தெரியுமா? லிப்ரே ஆஃபீஸ். இனிமேல் லாபமில்லை என்று கம்பெனி விட்டுவிட்ட ஃபைலுக்காகத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பக்க அமைப்பு அச்சு அசலாக வராது, பழைய ஃபான்ட் எழுத்தைத் தனியாக யூனிகோடுக்கு மாற்றவும் வேண்டும். அதற்கும் இலவசக் கருவிகள் உண்டு. பொறுமைதான் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, தனியுரிமைச் சாஃப்ட்வேர் என்றாலே வில்லன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முரசு அஞ்சல் இல்லாவிட்டால் எத்தனை பேர் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றிருப்பார்கள்? அது ஓபன் சோர்ஸ் அல்ல. கடைகளில் ஓடும் டேலியும் அல்ல. ஆனால் ஜிஎஸ்டி கட்டுகிறவர்களிடம் "நாளையிலிருந்து வேறு ஒன்றில் கணக்கு எழுதுங்கள்" என்று சொன்னால் அடிக்க வருவார்கள். வரத்தான் வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2025-ல் மத்திய அரசு அலுவலகங்கள் சோஹோ என்ற நிறுவனத்தின் சாஃப்ட்வேருக்கு மாறுவது பெரிய செய்தியானது. தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கே சாஃப்ட்வேர் விற்கிறார்கள் என்றால் தமிழர்களுக்குப் பெருமைதான், எனக்கும்தான். ஆனால் சுதேசி என்பதால் அது ஓபன் சோர்ஸ் ஆகிவிடாது. பூட்டு நம் ஊரில் செய்தது, அவ்வளவுதான். இந்திய நீதிமன்றத்துக்கு உட்பட்ட பூட்டு என்பது ஒரு ஆறுதல், அதை மறுக்கவில்லை.

ஓபன் சோர்ஸிலும் ஓட்டைகள் உண்டு. 2014-ல் உலகம் முழுவதும் வெப்சைட்டுகளைப் பயமுறுத்திய ஹார்ட்பிளீட் பிழை ஓபன் சோர்ஸில்தான் இருந்தது. 2024 மார்ச்சில் இன்னும் மோசமான ஒன்று. எக்ஸ்இசட் என்ற சின்னக் கருவியைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப்போயிருந்தார். உதவுகிறேன் என்று வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு உள்ளே ஒரு கள்ள வாசல் வைத்தார். லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்து அதைப் பிடித்தவர் ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். அவர் வேலை செய்வது எங்கே? மைக்ரோசாஃப்ட்டில்! உலகம் நாம் நினைப்பது போல் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கவில்லை. மூடிய பெட்டியாக இருந்திருந்தால் அவரால் தோண்டியிருக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, உங்கள் பழைய கம்ப்யூட்டர்?

நான்கு ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று தாராளமாக ஓடும். மூன்று ஜிபி அளவுள்ள ஒரே ஃபைல்தான். ஒருவர் டவுன்லோடு செய்தால் பென்டிரைவில் தெரு முழுவதும் கொடுக்கலாம். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. வைஃபை வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிடித்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் கல்யாண போட்டோ முதல் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள், எடுத்தாயிற்றா என்று இன்னொரு தடவையும் பாருங்கள்.

டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் செருகி வேலை பார்ப்பவர்கள், போட்டோ ஸ்டுடியோக்காரர்கள், டேலியில் பிழைப்பவர்கள் அவசரப்படாதீர்கள். உங்கள் தொழில் மெஷின் அப்படியே இருக்கட்டும். பிள்ளை படிக்கும் மெஷினும், பாட்டி படம் பார்த்து, பக்திப் பாட்டுக் கேட்கும் மெஷினும் மாறினால் போதும். பாட்டி கண்டுபிடிக்கவே மாட்டார், பிரவுசர் அதேதான்.

நெட் சரியாக இல்லாத தீவுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கிவிக்ஸ் என்று ஒரு ஓபன் சோர்ஸ் செயலி. அதை வைத்து தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே மெமரி கார்டில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நெட்டே இல்லாமல் பிள்ளைகள் தேடிப் படிக்கலாம். கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கிடைக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். டிக்லிபூரோ, ரங்கத்தோ, மாயாபந்தரோ, ஹட் பேயோ, உங்கள் பக்கத்தில் லினக்ஸ் போட்டுத் தரத் தெரிந்தவர்கள், காலேஜ் பையனோ பெண்ணோ ரிட்டயர்டு சாரோ யாராக இருந்தாலும், அவர்கள் சம்மதத்தோடு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் தீவு வாரியாகப் பட்டியல் போடுகிறோம். லினக்ஸ் போட்டு மாட்டிக்கொண்டு முழித்தவர்களும் எழுதலாம். அதையும் போடுவோம், அதே பக்கத்தில்.

அன்புடன்,
ஆசிரியர்